துவைகல்லில் சொன்ன இரண்டாம் பாகம்

ஆகஸ்ட் 4, திங்கள்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தாழ்வாரத்து டியூப் லைட் வென்டிலேட்டர் வழியாக என் மேல்கட்டிலில் ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோட்டுக்குள் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாராவது பிடித்தால் காட்டுவதற்காக எதிர்ப் பக்கத்தில் தவளையின் இதயம் வரைந்து வைத்திருக்கிறேன்.

என் பெயர் வீரலட்சுமி. வீரம் பெயரோடு சரி. எனக்குப் பல்லி பயம், பிரேயர் மணி பயம், இயற்பியல் மிஸ் சிரித்தால் இன்னும் பயம். பதினொன்றாம் வகுப்புக்கு இந்த விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிறகு இந்தப் பட்டியலில் வார்டன் அமிர்தவல்லி மேடம் முதலிடத்துக்கு வந்துவிட்டார். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் முறுக்கை மாடிப்படியில் நின்றே கண்டுபிடிப்பார். நாங்கள் வைத்திருக்கும் பெயர் மோப்பம்.

இன்று அந்த மோப்பத்தையும் தாண்டி ஒன்று உள்ளே வந்திருக்கிறது. ‘மழைக்கு மட்டும் வருபவன்’, இரண்டாம் பாகம். எங்கள் வகுப்பு ஷப்னம் வீட்டிலிருந்து வந்து போகிறவள். அவள் அக்காவின் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் இரண்டு டப்பாக்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். புத்தகம் எலுமிச்சைச் சாத வாசனை அடிக்கிறது.

முதல் பாகம் தெரியாத பெண் இந்த விடுதியில் இல்லை. இமயன் எப்போதோ அணையில் மூழ்கி இறந்தவன். மழை பெய்யும்போது மட்டும் வருவான், மழை நின்றால் மறைந்துவிடுவான். மனிதர்களைத் தொட்டால் அவனுக்கு ஒரு நினைவு அழியும். எழினி அவனைக் காதலிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் எழினி அணையில் விழப்போகிறாள், அவன் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் பெயரை மறந்துவிடுகிறான். முற்றும். அன்று ராத்திரி டார்மிட்டரியில் பாதிப் பேர் சாப்பிடவில்லை.

இங்கே கதைப் புத்தகத்தோடு பிடிபட்டால் டி.சி.தான். அதனால் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருத்தி மட்டும் படிப்பாள். புத்தகம் வந்த வழியே வெளியே போய்விடும். பிறகு சாயங்காலம் துணி துவைக்கும் நேரத்தில், விடுதிக்குப் பின்னால் துவைகல்லில், அவள் மற்றவர்களுக்குச் சொல்வாள். துணி அடிக்கிற சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. கதை சொல்கிறவளின் துணியை மற்றவர்கள் துவைத்துக் கொடுக்க வேண்டும். அது கூலி.

இந்த முறை என்னைத் தேர்ந்தெடுத்தது கோகிலவாணி. டார்மிட்டரியின் தலைவி அவள்தான், யாரும் ஓட்டுப் போடவில்லை. “இவ மூஞ்சியப் பாத்தா மேடமுக்குச் சந்தேகமே வராதுடி. எப்பவும் தப்பு செஞ்ச மாதிரியேதான் இருப்பா” என்றாள்.

ஜூனிலிருந்து என்னிடம் யாரும் அதிகம் பேசியதில்லை. இன்று இரவு சப்பாத்தி வரிசையில் ரெஜினா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேதியியல் ரெக்கார்டு அட்டைக்குள் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இமயனுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. ஒரு சாமியார் விபூதி கொடுத்தாராம்.

இது கனவாக இருக்கும், அடுத்த அத்தியாயத்தில் விழித்துக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

விழித்துக்கொள்ளவில்லை. மனிதனாகிவிட்டான். பேங்க் பரீட்சை எழுதித் தேர்வாகிவிட்டான். எழினியிடம் “முதலில் நீ டிகிரியை முடி” என்கிறான். நூறு பக்கத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கிறார்கள். மாமியாருக்குக் கால் அமுக்கிவிடுகிறான். புத்தகம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் மழை பெய்கிறது, கல்யாணத்தன்று.

அந்த மழையில் அவன் குடை பிடிக்கிறான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

உண்மையைத்தான் சொல்லப் போனேன். சத்தியமாக.

நான் துவைகல்லுக்குப் போவதற்குள் கோகி என் போர்வையை அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டாள். ரெஜினா என் சீருடைக் காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒருவர் இப்படி என்னைப் பார்த்து எத்தனை நாளாகிறது. அவனுக்குப் பெயர் நினைவு வந்ததா, வந்ததா என்றாள் ரெஜினா. விபூதி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

“வரலை. அதனால ஊர்ல இருக்கிற எல்லாப் பொண்ணுங்க பேரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கறான். மழையில, தெருத் தெருவா. எந்தப் பேருக்கு நெஞ்சு வலிக்குதோ அதுதான் அவ பேருன்னு தெரிஞ்சுக்கலாம்னு.”

துணி அடிப்பது நின்றுவிட்டது. எழினி ஏன் போய் அவள் பெயரைச் சொல்லவில்லை என்று கோகி கேட்டாள். நல்ல கேள்வி. அவள் வேறு ஊரில் அத்தை வீட்டில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அத்தை யார் என்று எனக்கே தெரியாது.

நாளை சரிசெய்துவிடலாம்.

ஆகஸ்ட் 9, சனி

சரிசெய்யவில்லை. நிலைமை கைமீறிவிட்டது.

இமயன் தெருவில் என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று எதுவும் தோன்றாமல் ரெஜினா என்றேன். ரெஜினா கையில் இருந்த சோப்பைத் தவறவிட்டாள். அது வாய்க்காலில் போயே போய்விட்டது, அவள் தேடக்கூட இல்லை. அதிலிருந்து எல்லோரும் தனித்தனியாக என்னிடம் வருகிறார்கள். ஒருத்தி பிஸ்கட் கொடுத்தாள். ஒருத்தி குளியலறை வரிசையில் முன்னே விட்டாள். கோகி கெஞ்சவில்லை, உத்தரவு போட்டாள்: “என்னை எஸ்.கோகிலவாணின்னு இனிஷியலோட கூப்பிடணும். ப்ளஸ் டூவுல ஒரு கோகிலவாணி இருக்கா, அவ நெனச்சுக்கப் போறா.”

இனிஷியலோடு கூப்பிட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேதியியல் தேர்வில் பெயில்.

அதைவிடப் பெரிய விஷயம். வார்டன் மேடம் இன்று தன் புடவையைத் தானே துவைக்க வந்தார். அவர் துணியைத் துவைக்க ஓர் அக்கா தினமும் வருகிறார், அப்படியிருக்க. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கக் கல்லில் குந்தி உட்கார்ந்தார். எங்களுக்கு அவர் கொண்டை மட்டும் தெரிந்தது. நான் கதையைப் பாதியில் நிறுத்தினேன். கோகி கண்ணைக் காட்ட, எல்லோரும் துணியை ஓங்கி ஓங்கி அடித்தார்கள்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து மேடம் குரல் வந்தது. “கொஞ்சம் மெதுவா அடிங்க கண்ணு. ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது.”

என்ன கேட்கவில்லை என்று சொல்லவில்லை. போன் வரும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேடம் மறுபடி வந்தார். அதே மாம்பழக் கலர் புடவை. நேற்றே துவைத்தது, அழுக்கே இல்லை. நம்மை உளவு பார்க்கிறார் என்றாள் ரெஜினா. நான் ரகசியக் குரலில் சொன்னேன். எழினியின் அத்தை ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடுகிறாள், மழைச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கக் கூடாது என்று. அந்த இடத்தில் தொட்டிக்குப் பின்னால் யாரோ “சண்டாளி” என்றது போல இருந்தது. தண்ணீர்க் குழாய்ச் சத்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தொட்டி காலி. வாரம் ஒருமுறை துவைக்கிறவர்கள் எல்லாம் தினம் துவைக்கிறார்கள். அழுக்கில்லாத துணியையும் நனைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தியின் சீருடை நீலம் வெளுத்து வேறு பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிட்டது. துவைக்கும் நேரத்தைக் குறைப்பார்கள் என்று பயந்தோம். மேடம் மோட்டாரை இன்னொரு தடவை போடச் சொல்லிவிட்டார். சுத்தம் முக்கியம் என்றாராம்.

ஷப்னம் நாலைந்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, காய்ச்சல். புத்தகம் இன்னும் விடுதியில்தான் இருக்கிறது. குளியலறை மூலையில் தரை துடைக்கிற துணி ஊறும் பக்கெட்டில், பாலிதீன் பையில் சுற்றி அடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கெட்டை மனிதர்கள் யாரும் தொட மாட்டார்கள்.

கோகி ஒரு நாள் அதைத் தானே படித்துப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தைப் பார்த்து அவள் கொஞ்சம் அசந்துபோனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

துணை முதல்வர் சார் திடீர்ச் சோதனைக்கு வந்தார். பெட்டிகள், தலையணைகள், மெத்தைக்கு அடியில். எதுவும் இல்லை. போகிறபோது குளியலறை ஏன் இவ்வளவு நாற்றம் என்று கேட்டு அந்தப் பக்கெட்டைக் காலால் தள்ளினார்.

பை மிதந்து வந்தது.

யாருடையது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கோகிகூட. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நாற்பது பேர் கல் மாதிரி நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. பயத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை.

சார் புத்தகத்தை வார்டன் மேடத்திடம் கொடுத்தார். முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள், பிறகு செவ்வாய்க்கிழமை ஸ்டடி ஹாலில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், எப்படிப்பட்ட குப்பையைப் படிக்கிறோம் என்று வெட்கப்படட்டும் என்றார். கொண்டுவந்தவளுக்கு டி.சி. என்றும் சொன்னார்.

டி.சி. என்றால் லாரி ஓட்டும் அப்பா அசாம் லோடை நடுவழியில் விட்டுவிட்டு வர வேண்டும். அது பயம்தான். ஆனால் இப்போது படுத்துக்கொண்டு யோசித்தால் அதைவிடப் பெரிய பயம் செவ்வாய்க்கிழமைதான். படித்தால் தெரிந்துவிடும். அவன் யாரையும் கூப்பிடவே இல்லை என்று தெரிந்துவிடும். ரெஜினாவையும் கூப்பிடவில்லை, இனிஷியலோடு கோகியையும் கூப்பிடவில்லை. எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றவர்களிடம் நான் சொன்னது எல்லாம் பொய்.

டி.சி. கொடுத்தால் பஸ் ஏறிவிடலாம். கொடுக்காவிட்டால் இங்கேயே, இவர்கள் நடுவிலேயே இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை பிரேயருக்கு வந்த மேடத்தின் கண்கள் வீங்கியிருந்தன. ராத்திரி முழுக்கப் படித்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு கோபம், அல்லது கோபம் மாதிரி ஒன்று. இட்லியைத் தொடவில்லை. வழியில் என்னைப் பார்த்தவர் நின்றார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் துவைகல்லுக்கு அவரும் வரவில்லை, நானும் போகவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்டடி ஹாலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஈரத்தில் உப்பிப்போன புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். வருகைப் பதிவேடு படிக்கிற குரல். சாமியார் வந்தார். விபூதி வந்தது. இமயனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்த நேரமும் முதுகில் குத்து விழும் என்று காத்திருந்தேன். ரெஜினா என் காதருகே வந்தாள்.

“பாத்தியா, மேடம் அவங்க இஷ்டத்துக்கு மாத்திப் படிக்கறாங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. மேடம் படிக்கப் படிக்க ஹால் முழுக்க முணுமுணுப்பு. அவன் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான் என்றதும் பின்வரிசையில் சிரித்தார்கள். எழினியை டிகிரி முடிக்கச் சொல்கிறான் என்றதும், “இது பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்றதாச்சே” என்றாள் ஒருத்தி. மாமியாருக்குக் கால் அமுக்கினபோது யாருக்கும் சந்தேகமே இல்லை. எங்களைத் திருத்துவதற்காக மேடம் உட்கார்ந்து சொந்தமாகக் கதை கட்டியிருக்கிறார். ஒரு எழுத்தாளர் இப்படி எழுதுவாரா. நான் தலையை ஆட்டினேன். தப்புதான், ஆட்டினேன்.

மேடம் நிறுத்திப் படித்தார், தடவித் தடவிப் படித்தார். கல்யாண நாள் வந்தது. மழை வந்தது. அந்த வரிக்கு வந்தபோது அவர் குரலே ஒரு மாதிரி ஆனது. “இமயன் குடையை விரித்துப் பிடித்தான்.”

கோகி எழுந்து நின்றாள்.

“மேடம், இது தப்புங்க. அவன் குடை பிடிக்க மாட்டான். நீங்க மாத்திட்டீங்க.”

மேடம் கண்ணாடிக்கு மேலாக அவளை வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. புத்தகத்தை நீட்டினார்.

“நீயே வந்து படி.”

கோகி போனாள். வாங்கினாள். அவள் கண் அந்த வரியில் ஓடுவதைப் பார்த்தேன். திரும்ப மேலே போய் மறுபடி ஓடியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். கோகி தொண்டையைச் செருமினாள்.

“இமயன் குடையை விரித்துப் பிடித்தான்” என்று படித்தாள். “அவன் குடை பிடித்தது மழைக்கே பிடிக்கவில்லை. காற்று வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.” கொஞ்சம் திணறினாள். “அவன் நனைந்தான். நல்லா நனைந்தான்.”

புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது இந்த ஹாலில் மூன்று பேருக்குத் தெரியும். மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“அப்புறம்?” என்றார் மேடம்.

“அப்புறம் எழுத்து பொடிசா இருக்குங்க மேடம். வீரலட்சுமி படிப்பா.”

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. புத்தகம் என் கைக்கு வந்தது. கோகி அதை விடும்போது என் கட்டைவிரலை நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினாள். ரத்தம் வரவில்லை, வந்திருக்கலாம். பக்கத்தில் பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

அத்தை வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு எழினி ஓடிவருகிறாள். அணைக்கரையில் அவன் நிற்கிறான். ஊரில் இருக்கிற எல்லாப் பெயரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் குரல் போய்விட்டது. அவளைப் பார்த்தும் அவனுக்கு யாரென்று தெரியவில்லை. உன் பெயர் என்ன என்று சைகையில் கேட்கிறான். அவள் சொல்கிறாள். மழை நின்றுவிடுகிறது. அடுத்த மழைக்கு வந்து மறுபடி கேட்கிறான், அவள் மறுபடி சொல்கிறாள்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதனால் கடைசி வரியை மெதுவாகச் சொன்னேன். “அவனுக்கு ஒரு மழையிலும் நினைவு நிற்கவில்லை. அவளுக்கு ஒரு மழையிலும் சலிக்கவில்லை.”

ரெஜினா தாவணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு,” என்றார் மேடம், சின்னக் குரலில், “அப்ப அவன் அவ கையத் தொடவே மாட்டானா?”

“தொட்டா இதையும் மறந்துடுவானுங்க மேடம்.”

அவர் தலையை ஆட்டினார். அது எனக்கான பதிலாகத் தெரியவில்லை. பிறகு எழுந்து, என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் மூடினார். பழைய வார்டன் குரல் திரும்பி வந்தது.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. இது என் பீரோவுக்குள்ள போகுது. இனிமேல் இந்தப் புத்தகத்த ஒருத்தரும் படிக்கக் கூடாது. நான் படிச்சுட்டேன். வேண்டாம்.”

ஆகஸ்ட் 20, புதன்

டி.சி. இல்லை. மேடம் துணை முதல்வரிடம் என்ன சொன்னார் என்பதை அலுவலக அக்கா வந்து சொன்னார். முழுசாகப் படித்தேன் சார், தப்பான விஷயம் ஒன்றுமில்லை, பையன் பேங்க் வேலைக்குப் போகிறான், மாமியாருக்குக் கால் அமுக்குகிறான், ரொம்ப ஒழுக்கமான புத்தகம் என்றாராம். சார் அசந்துபோய், அப்படியானால் நூலகத்தில் வைக்கலாமே என்றிருக்கிறார். அங்கே இடமில்லை என்று மேடம் சொல்லிவிட்டாராம்.

ஷப்னத்தின் அக்காவுக்குப் புத்தகம் திரும்பி வராது என்று சொல்லியனுப்பினேன். அவள் அக்கா சந்தோஷம் என்று பதில் சொன்னாளாம்.

சாயங்காலம் என் துணியை நானே எடுத்துக்கொண்டு கடைசிக் கல்லுக்குப் போனேன். கூலி வாங்க எனக்கு முகமில்லை. கோகி பின்னாலேயே வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். தன் பாவாடைக்குச் சோப்புப் போட்டாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல், நிஜப் புத்தகத்தில் கடைசியில் என்னதான்டி ஆகிறது என்று கேட்டாள்.

சொன்னேன். குழந்தை பிறக்கிறது. பெயர் வைக்கும் விழா. இமயனுக்கு மேனேஜராகப் பதவி உயர்வு கிடைக்கிறது. மழை வரும்போல இருக்கிறது என்று மாடியில் காயப்போட்ட வடகத்தை ஓடிப்போய் அவனே எடுக்கிறான். முற்றும்.

கோகி சோப்பைக் கீழே வைத்தாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“பாவம்டி அவன்” என்றாள் கோகி. என் பக்கெட்டிலிருந்து போர்வையை உருவி எடுத்துக் கல்லில் ஓங்கி அடிக்க ஆரம்பித்தாள்.